சிங்கம் வேண்டாம், பூ வரைவோம்: திருகோணமலை மதில் ஒன்றின் கதை

2019 கடைசியில் இலங்கை எங்கும் இளைஞர்கள் மதில்களில் ஓவியம் தீட்டத் தொடங்கினார்கள். திருகோணமலையில் அது மாரிகாலம். பூசிய வர்ணம் மறுநாளே வழிந்துவிடும். ஆகவே தை பிறந்த பிறகுதான் நாங்கள் ஆரம்பித்தோம். பெயர்ப்பலகை எழுதிப் பழகிய கை என்பதால் என்னையும் அழைத்தார்கள். கந்தளாயிலிருந்து ஒரு சிங்கள நண்பர், கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி, மற்றபடி எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள்.

தேசியச் சின்னம் ஒன்று வரைவதாகப் பேச்சு. நண்பர், கொடியில் வாளேந்தி நிற்கும் சிங்கம் என்றார். தேசியக் கொடியில் தமிழருக்கான செம்மஞ்சள் பட்டையும் முஸ்லிம்களுக்கான பச்சைப் பட்டையும் 1951இல் சேர்க்கப்பட்டவை. சிங்கம் நிற்கும் சட்டத்துக்கு வெளியேதான் இன்றும் இருக்கின்றன. அந்த வாளைப் பார்த்து எங்கள் ஆட்களில் பலருக்கு மனம் குளிர்வதில்லை என்று நேராகவே சொன்னேன். அவர் முகம் சற்று வாடியது, ஆனால் மறுக்கவில்லை.

கிண்ணியாத் தம்பிக்கு வேறு சங்கடம். மனிதர், விலங்கு, பறவை உருவங்களை வரைவது அவர் வீட்டில் பிடிக்காது. "பூ என்றால் வாப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், அண்ணன்" என்றார். அதோடு முடிவாயிற்று: 1986இல் தேசிய மலராக்கப்பட்ட நீலோற்பலம், அதாவது நீல அல்லி. விகாரையில் புத்தருக்குப் படைக்கிற பூ. நமக்கோ மன்மதனின் ஐந்து கணைகளில் ஒன்று. அதை அரசாங்கம் சின்னமாக எடுத்துக்கொண்டது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

நண்பர் கைபேசியில் காட்டிய படத்தில் ஊதா நிறத்தில் இதழ்கள் நெருங்கிக் கிடந்தன. அது அழகுக்காக வெளியிலிருந்து வந்த இனம் என்றும், நம் நாட்டுப் பூ இதழ் குறைந்து வெளிறிய நீலத்தில் இருக்கும் என்றும் தாவரவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தம்பலகாமப் பக்கத்துக் குளமொன்றில் நேரில் பார்த்துத்தான் நிறம் கலந்தேன். வெள்ளையை அதிகம் சேர்க்க வேண்டியிருந்தது.

வரையும்போது கோயிலுக்குப் போன ஆச்சி ஒருவர் நின்று, "தண்டு இவ்வளவு மொத்தமாக இராது, மகன்" என்று திருத்தினார். முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் தன் வண்டியின் பின்பக்கத்திலும் ஒன்று வரைந்து தரச் சொன்னார். சிங்கத்தை வரைந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், பேசாமல் கடந்துபோயிருப்பார்கள்.

அடுத்த மதிலுக்குத் தேசியப் பறவையான காட்டுக்கோழி என்று நண்பர் பிடிவாதமாக நிற்கிறார். செந்நிறக் கொண்டையின் நடுவே மஞ்சள் படர்ந்த சேவல், வரைய எனக்கும் ஆசைதான். முருகன் கொடியில் இருப்பதும் சேவலல்லவா! கிண்ணியாத் தம்பி, பின்னாலுள்ள காட்டை மட்டும் தன்னிடம் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்.