பில்லி டிக்சனின் 1538 கெஜம்: இன்னுமா நம்புகிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
நேற்று இன்னோர் இழையில் ஒருவர் அளந்திருந்தார்: "கருமருந்துக் காலத்து ஷார்ப்ஸ் ரைஃபிளாலேயே பில்லி டிக்சன் 1538 கெஜத்தில் ஆளை வீழ்த்தினார். இன்றைய தொலைநோக்கியோடு 1000 கெஜத்தில் மான் சுடுவது என்ன பெரிய காரியம்?" படித்ததிலிருந்து காப்பி கசக்கிறது. கதை தெரியாதவர்களுக்கு: 1874 ஜூன் 27, டெக்சாஸில் அடோபி வால்ஸ். எருமை வேட்டைக்காரர்களின் நான்கைந்து மண்கட்டிடங்கள். உள்ளே வேட்டைக்காரர் டிக்சன் உட்பட 28 ஆண்கள், ஒரு பெண். வெளியே கமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கரோடு வந்த கமாஞ்சி, செயென், கையோவா பூர்வகுடி வீரர்கள் பல நூறு பேர். மூன்றாம் நாள் தொலைமேட்டில் நின்ற குதிரைக்காரர்களை நோக்கி டிக்சன் சுட்டார், ஒருவர் விழுந்தார். அந்தத் தூரம் 1538 கெஜமாம். 1500 இல்லை, 1550 இல்லை. விழுந்த இடத்தில் முளை அடித்து வைத்தவர் யார்?

தூரக்குறி:
ராணுவ அளவையாளர்கள் பிறகு அளந்த தூரம் என்றுதான் வழிவழியாகச் சொல்கிறார்கள். அளந்தால் இப்படித்தான் ஒற்றை இரட்டையோடு எண் வரும். உங்கள் வசதிக்கு உருண்டையாக வராது, ஐயா.

கணக்குப்பிள்ளை:
வரட்டும். டிக்சன் தாமே மனைவியிடம் சொல்லி எழுதவைத்த நினைவுகளில் தூரம் ஏறத்தாழ மைலில் எட்டில் ஏழு பங்கு என்கிறார். 1760ஐ எட்டால் வகுத்து ஏழால் பெருக்குங்கள். 1540. கண் மதிப்புக்கும் நில அளவைக்கும் இரண்டே கெஜம் வித்தியாசம்! எங்கள் ஊர் சர்வேயர் வேலியோரம் நின்று அளந்தாலே இதைவிட அதிகம் பிசகும்.

தூரக்குறி:
அப்படியென்றால் அது டிக்சனுடைய கண்ணுக்குச் சான்று. அந்தச் சமவெளியில் எருமை சுட்டே பிழைத்தவர் அவர். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து தூரம் பார்த்தவர் அல்லர்.

கணக்குப்பிள்ளை:
அல்லது, 1538 என்று பிறர் சொல்லிக் கேட்ட பிறகு எட்டில் ஏழு என்று சொல்லியிருப்பார். புத்தகம் வந்தது 1914இல். சுட்டது 1874இல். கழித்துப் பாருங்கள்.

மலைக்காற்று:
இருவரும் கெஜத்தை விட்டு விட்டுக் குண்டைப் பாருங்கள். பெரிய ஐம்பது என்று அவர்கள் அழைத்த .50-90 ஷார்ப்ஸ், விநாடிக்கு 1300 அடிக்குச் சற்றுக் கூடக் குறைய வேகத்தில் கனத்த ஈயத்தைத் துப்பும். அந்தத் தூரத்துக்குப் போய்ச் சேர ஐந்து விநாடி ஆகும். வழியில் நூறடி உயரம் ஏறி இறங்கும். லேசான பக்கக்காற்றே பல அடி தள்ளிவிடும். போதாததற்குத் துப்பாக்கி இரவல் என்கிறார்கள். நான் ராணுவத்தில் 7.62 எஸ்.எல்.ஆர் ரைஃபிளோடு படுத்தவன். சித்திரை வெயிலில் 300 மீட்டரிலேயே கானல் எழும்பும், குறிப்பலகை தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால் அது இன்னும் ஆடுகிற மாதிரி இருக்கும். இதில் தனி ஆளைக் குறிபார்த்தார் என்றால் நான் நம்பமாட்டேன். கூட்டத்தைப் பார்த்துச் சுட்டார், ஒருவர் மேல் விழுந்தது. அது தற்செயலாய் விழுந்த அடி என்று அவரே ஒப்புக்கொண்டவர்.

தூரக்குறி:
குண்டு போய்ச் சேர்ந்ததா இல்லையா? சேர்ந்தது. 1538.

கணக்குப்பிள்ளை:
மறுபடியும் 1538! குண்டு சேர்ந்ததை நான் மறுக்கவே இல்லை. எண்ணைத்தான் கேட்கிறேன்.

நெல்லிக்காட்டான்:
2009இல் ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் ராணுவக் குறிசுடுநர் கிரெய்க் ஹாரிசன் .338 லாபுவா தோட்டாவால் 2475 மீட்டரில் இருவரை வீழ்த்தினார். இனி டிக்சன் எதற்கு?

மலைக்காற்று:
அது போர், தம்பி. இழை தொடங்கியது மானில். குண்டு வழியில் இருக்கும் நேரத்தில் மான் ஒரு காலை எடுத்து வைத்தால் போதும், நெஞ்சுக்குப் பார்த்த குறி வயிற்றில் போய் விழும். பிறகு இரவு முழுக்க ரத்தத் தடத்தைத் தேடி அலைவது யார்? காலிபர், அதாவது குண்டின் விட்டம், பெரிதானால் இந்தத் தொல்லை போய்விடாது.

தூரக்குறி:
காலிபர் பற்றி உங்களிடம் கேட்க வேண்டுமா? போன ஆண்டு யானை இழையில், பெல் என்ற வேட்டைக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைப் பெரும்பாலும் 7 மில்லிமீட்டரில் சுட்டார் என்று நான் எழுதியபோது கட்டுக்கதை என்று சிரித்தவர் நீங்கள்தான். பிறகு சத்தமே இல்லை.

மலைக்காற்று:
சிரித்தது உங்கள் எழுத்துப் பிழைக்கு. பெல்லுக்கு அல்ல. பெல் கிட்டப் போய் மூளைக்குக் குறிவைத்தவர். மைல் தூரத்தில் நின்று வேடிக்கை காட்டியவர் அல்லர்.

தூரக்குறி:
எந்தப் பிழை? காட்டுங்கள்.

அவ்வப்போது வருபவள்:
இத்தனை பதிவுகளில் விழுந்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இசட்டாய் என்ற குறிசொல்லி, வெள்ளையர் குண்டு உங்களைத் தொடாது என்று சொல்லித்தான் அந்தப் பூர்வகுடி வீரர்களைத் திரட்டினார். விழுந்தவரை எடுத்துப்போக இரண்டு பேர் கால்நடையாக ஓடி வந்தார்கள் என்று டிக்சனே சொல்கிறார். வடக்கே கான்சாஸில் எருமைகளைத் தீர்த்துவிட்டுத் தெற்கே வந்த வேட்டைக் கும்பலின் வீரக் கதைக்கு நாம் நில அளவை செய்துகொண்டிருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை:
அம்மா, உங்கள் கருத்து மதிக்கத்தக்கது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். ஆனால் நல்ல இடத்தைத் தொட்டீர்கள்: உடலை எடுத்துப் போய்விட்டார்கள்! பிறகு எந்தப் புள்ளி வரை அளந்தார்கள்? முளை எங்கே என்று நான் கேட்டது இதைத்தான்.

தூரக்குறி:
மேடு இருக்கிறதே. மேட்டையுமா தூக்கிக்கொண்டு போனார்கள்?

கணக்குப்பிள்ளை:
மேட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே எத்தனை கெஜம்? சரி, அதையும் விடுங்கள். இந்தப் பக்கம் எங்கிருந்து அளந்தார்கள்? கடை வாசலிலிருந்தா, மதுக்கூட ஜன்னலிலிருந்தா?

தூரக்குறி:
துப்பாக்கியின் வாயிலிருந்து.

கணக்குப்பிள்ளை:
குழல் நீளத்தைக் கழித்தார்களா?

மலைக்காற்று:
தூரக்குறி, அந்த எழுத்துப் பிழை கிடைத்துவிட்டது. நீங்கள் "யானை"யை "யாணை" என்று எழுதியிருந்தீர்கள். மூன்று இடத்தில்.