புதுப்பிப்பு: கொலாஜன் 4 ஆன்டிபாடி ஒருவழியாக வேலை செய்தது

சிறுநீரகத் திசுவின் பாரஃபின் வெட்டுகளில் (மெழுகில் பதித்து மெல்லியதாக வெட்டியவை) கொலாஜன் 4 ஆன்டிபாடி, அதாவது செல் அடுக்குகளுக்கு அடியில் உள்ள மெல்லிய அடிச்சவ்வின் கொலாஜன் 4 புரதத்தில் ஒட்டி அதை நிறமாகக் காட்டுவது, மங்கலாகவே நிற்கிறது என்று முன்பு புலம்பியிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி இது. சிட்ரேட் பஃபரில் கொதிக்க வைப்பதை விட்டு புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதியைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி, அதுதான் கைகொடுத்தது. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால் ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இடம் மூடிக்கொள்கிறது, பெப்சின் சுற்றியிருப்பதைக் கொஞ்சம் அரித்து வழிவிடுகிறது. அமிலக் கரைசலில், 37 டிகிரியில், அவ்வளவுதான். நேரத்தில் மட்டும் தாராளம் காட்டாதீர்கள். கூடுதலாக வைத்த ஸ்லைடில் திசு ஓரமெல்லாம் கழன்று மிதந்தது.

இப்போது குளோமருலஸின் (சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் கொத்து) தந்துகி வளையங்களும் நுண்குழல்களைச் சுற்றிய அடிச்சவ்வும் மெல்லிய பழுப்புக் கோடாகத் தெளிவாகத் தெரிகின்றன. ரத்தக்குழாய்ச் சுவரும் நிறம் பிடிப்பதால் பாசிட்டிவ் கன்ட்ரோல், அதாவது நிறமேற்றம் வேலை செய்தது என்பதற்கான சான்று, அதே ஸ்லைடிலேயே கிடைத்துவிடுகிறது. முதல் ஆன்டிபாடி (கொலாஜன் 4-இல் நேரடியாக ஒட்டுவது) போடாத ஸ்லைடில் நிறமே இல்லை, சுத்தம்.

அப்புறம், சிறுநீரகத்தைப் பாதிக்கும் பரம்பரை நோயான ஆல்போர்ட் நோயைக் கண்டுபிடிக்க இது போதுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. கொலாஜன் 4 ஆல்பா சங்கிலிகளால் ஆனது, என்னிடம் இருக்கும் ஆன்டிபாடி அவற்றில் ஆல்பா 1, 2 சங்கிலிகளைப் பிடிப்பது, அந்த நோயிலும் அவை இருக்கும். குறைபடுவது 3, 4, 5 சங்கிலிகள்தான். ஆல்பா 5-க்குத் தனி ஆன்டிபாடி வாங்குங்கள். அந்தச் சங்கிலி தோலின் அடிச்சவ்விலும் இருப்பதால், எக்ஸ் குரோமோசோம் வழி வரும் வகையில் சில சமயம் தோல் பயாப்ஸியே விடை சொல்லிவிடும்.