கெர்ஃப்: தமிழில் என்ன சொல்லலாம்? (திங்களன்று அச்சுக்குப் போகிறது)

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அலுமினியப் பெயர்ப்பலகைகளைப் பெருமளவில் வெட்டித் தர எந்த இயந்திரம் வாங்கலாம் என்பது பாடம். ரவுட்டர் (சுழலும் பிட்டால் உலோகத்தைக் குடைந்து வெட்டும் இயந்திரம்), லேசர் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். கெர்ஃப் மட்டும் இடிக்கிறது. கருவி போன வழியில் உலோகம் பொடியாகவோ உருகியோ போய்விடுகிறதே, அந்த இடைவெளி.

பாடமே இதன்மேல்தான் நிற்கிறது. எட்டடிக்கு நாலடித் தகட்டின் நீளம் 2440 மி.மீ. 300 மி.மீ. சதுரங்கள் எட்டுக்கு 2400 போக மிச்சம் 40. எட்டையும் பிரிக்க ஏழு வெட்டு. ரவுட்டரில் 6 மி.மீ. பிட் போட்டால் வெட்டுக்கே 42 போய்விடும். எட்டாவது பலகை கிடைக்காது. 3 மி.மீ. பிட் என்றால் 21தான். லேசரில் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது. அகலத்தில் நாலு வரிசை. ஆக, ஒரு தகட்டுக்கு 28 பலகையா, 32 பலகையா? இதை விளக்க ஒரு சொல் வேண்டும்.

— மொழிபெயர்ப்பாளர், சென்னை

*

ஐயா, சொல் நம்மிடமே இருக்கிறது. ஈர்தல் என்றால் அறுத்தல். 'உயிர்ஈரும் வாள்' என்று வள்ளுவர் நாள் என்பதையே அறுக்கும் வாளாகக் காட்டுகிறார் (குறள் 334). ஈர்வாள் (ரம்பம்) வினைத்தொகை, அதே தடத்தில் ஈர்வாய் என்று வையுங்கள். தென்னங்கீற்றிலிருந்து ஈர்ந்து எடுப்பதால்தான் ஈர்க்கு என்று பெயர் வந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். ஈர்க்கு, ஈர்வாள், ஈர்வாய் மூன்றும் ஒரே குடும்பம்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

*

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். சொல் அழகுதான். ஆனால் எங்கள் பட்டறைக்கு வரும் பையன்கள் ஈர் என்றதும் புவியீர்ப்பைத்தான் நினைப்பார்கள். நகைக்கடைக்குப் போன எவருக்கும் சேதாரம் தெரியும். வெட்டுச் சேதாரம் என்று போடுங்கள்.

பாடத்தில் இன்னொன்றையும் கட்டாயம் எழுதுங்கள். ஏசிபி தகட்டை லேசரில் வைக்கக் கூடாது. இரண்டு மெல்லிய அலுமினியத் தோலுக்கு நடுவே இருப்பது பிளாஸ்டிக். அது உருகிப் புகைந்து ஓரம் கருகிவிடும். அதற்கு ரவுட்டர்தான். 2 மி.மீ. முழு அலுமினியம் என்றால் ஃபைபர் லேசர். நைட்ரஜன் ஊதி வெட்டினால் ஓரத்தை அரம் போட்டு ராவ வேண்டிய வேலை குறையும். ஒரே வடிவத்தில் ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் டை (வெட்டும் அச்சு) செய்து பிரஸ்ஸில் அடிப்பதே லாபம். நேர்வெட்டு மட்டும் போதுமென்றால் கத்தரிபோல் வெட்டும் ஷியரிங் மெஷின். அதில் நீங்கள் கேட்கும் இடைவெளியே கிடையாது.

— பெயர்ப்பலகைப் பட்டறை, கோயம்புத்தூர்

*

சேதாரம் என்பது எடை. அதற்குக் கூலியோடு சேர்த்துக் காசும் வாங்குகிறார்கள். நமக்கு வேண்டியது நீளக் கணக்கு. மாணவன் சேதாரத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டால் எட்டாவது பலகை மறுபடியும் போய்விடும்.

தூய்மையா, புரிதலா என்ற வழக்கு பழையது. 1916இல் சேலத்தில் ராஜாஜி முன்னின்று தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நாம் இதற்காக மல்லுக்கட்டுகிறோம். வெட்டகலம் என்று சொன்னால் இரு தரப்புக்கும் ஏற்குமா? தமிழும் குறையவில்லை, பையன்களுக்கும் புரியும்.

— விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

*

வெட்டகலம் என்றால் வெட்டி எடுத்த பலகையின் அகலம் என்றும் பொருள்படுமே! சங்கப் பாடல்களில் அகலம் மார்பைக் குறிக்கும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

— தஞ்சாவூர்

*

அந்த ஐயத்தை ஒரு படம் தீர்த்துவிடும். என் வாக்கு வெட்டகலத்துக்கு. பட்டறையில் அதைச் சொல்லிப் பார்த்தேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

— கோயம்புத்தூர்

*

அனைவருக்கும் நன்றி. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்தால் வெட்டகலத்துக்கே ஆதரவு கூடுதல். அதையே படத்துடன் சேர்க்கிறேன். ஏசிபி எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போடுகிறேன்.

— சென்னை

*

பெரும்பான்மைக்கு உடன்படுகிறேன் என்று எழுத என் மனம் ஒப்பவில்லை. கெர்ஃப் என்பது பிளவு. அகலம் அதன் ஓர் அளவு மட்டுமே. நீர்ப்பீச்சால் தடித்த தகட்டை வெட்டும்போது அந்தப் பிளவு மேலே ஓர் அகலமும் கீழே ஓர் அகலமுமாக இருக்கும் என்று என் பொறியாளர் மகன் சொல்கிறான். அப்போது 'மேல் வெட்டகலம், கீழ் வெட்டகலம்' என்று எழுதிவிடலாம். இரண்டையும் உடைய பிளவை என்னவென்று எழுதுவீர்கள்? அடுத்த பதிப்புக்கு முன் ஈர்வாயை மறுபடியும் பார்வைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

— தஞ்சாவூர்