அப்பத்தாவுக்காக மதுரைக்கு ஒரு பயணம்

சென்ற ஜூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, விடியற்காலை 4 மணிக்கு, நானும் என் தோழியும் தாம்பரத்திலிருந்து அவளுடைய காரில் மதுரைக்குப் புறப்பட்டோம். 15 ஆண்டுகளாக ஒரே பள்ளியில் ஆசிரியைகளாக இருக்கிறோம். "இந்த வாரம் மீனாட்சியைப் பார்க்கப் போகணும், நீயும் வா" என்று அவள் அழைத்தபோது, வழக்கமான கோயில் பயணம் என்று எண்ணித்தான் ஒப்புக்கொண்டேன். சிறு வயதிலிருந்து ஆறேழு முறை பார்த்த கோயில் அது. புதிதாக அறிந்துகொள்ள அங்கே ஏதும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

திருச்சி வரை பள்ளிக்கூடப் பேச்சிலேயே பொழுது போயிற்று. விராலிமலையைக் கடந்து, துவரங்குறிச்சிக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தியபோதுதான், இந்தப் பயணம் தன் அப்பத்தாவுக்காக என்று அவள் சொன்னாள். மேலூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் 1930-இல் பிறந்து, சென்ற ஆண்டு காலமான அந்த மூதாட்டியை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குப் புறப்படும்போது மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் கிளம்பிப் போவார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தில் அப்பத்தாவும் தன் தகப்பனாரின் தோளில் ஏறிப் போயிருக்கிறார். ஆற்றில் அழகர் இறங்குவதைப் பார்த்துவிட்டு, மீனாட்சி கோயிலின் தெருமுனையில் நின்று, கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்களாம். கோயிலுக்குள் போக அவர்களுக்கு அனுமதி இல்லை. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்ற வாசகத்தை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கோபுரத்தோடு தரிசனம் முடிந்துவிடுகிறவர்களின் வாயில் அது என்னவாக ஒலித்திருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது.

1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், மதுரையின் காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர், பி. கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பினர் ஐவரையும், விருதுநகரைச் சேர்ந்த சண்முக நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் சென்றார். அன்று நாடார்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. கோயிலின் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்று வழிபட வைத்தார். அர்ச்சகர்களில் சிலர் அதன் பிறகு பூசைக்கு வர மறுத்தார்கள். வழக்குகள் வந்தால் உதவியவர்கள் தண்டிக்கப்படாமல் காக்க வேண்டும் என்று, சில நாட்களிலேயே ராஜாஜியின் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வரலாற்றுப் பாடம் நடத்துகிற நான் 'ஆலயப் பிரவேசம்' என்ற இரண்டு சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஆண்டைப் பக்கத்தில் குறித்து, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த ஆண்டு 9 வயதுச் சிறுமியாக இருந்த ஒருவரின் பேத்தி, 15 ஆண்டுகளாக எனக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்தாள்.

அப்பத்தாவின் தகப்பனார் சில மாதங்கள் பொறுத்திருந்து, பயம் தெளிந்த பிறகே மகளை உள்ளே அழைத்துப் போனாராம். அம்மனின் முகம் அப்பத்தாவின் நினைவில் இல்லை. அவருக்கு நினைவிருந்தவை இரண்டுதான். தெருவில் வெயிலில் சுட்ட கால், உள்ளே கல்தரையை மிதித்ததும் குளிர்ந்தது. இன்னொன்று, தன் கையைப் பிடித்திருந்த அய்யாவின் கை வியர்வையில் நழுவி நழுவிப் போனது. பிற்காலத்தில் வீட்டிலிருந்து யார் மதுரைக் கோயிலுக்குப் போய் வந்தாலும், பிரசாதத்தைக் கையில் வாங்கும் முன்பே, "வாசல்ல யாரும் ஒண்ணும் கேக்கலையே?" என்றுதான் கேட்பாராம். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் அந்தக் கேள்வி மாறவில்லை.

மேலூரை அடையும் முன் தும்பைப்பட்டி வருகிறது. கக்கன் பிறந்த ஊர். சாலையிலிருந்து பார்த்தாலே அவருடைய மணிமண்டபம் தெரியும் என்றாலும், மதுரைக்கு விரைகிற வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே நிற்பதில்லை. நானும் இதற்கு முன் நின்றதில்லை. அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராகவும், 1957 முதல் பத்தாண்டுக் காலம் தமிழக அமைச்சராகவும் இருந்தவர், பதவிக் காலத்துக்குப் பின் அரசுப் பேருந்தில் பயணம் செய்தார்; கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் சாதாரண நோயாளியாகச் சிகிச்சைக்குச் சேர்ந்தார். சுவரிலிருந்த படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, மரத்தடியில் ஆடுகளுடன் நின்றிருந்த பெரியவர் ஒருவர், "எங்கேயிருந்தும்மா வர்றீங்க?" என்றார். சென்னைப் பக்கம் என்றோம். "எங்க ஊருக்காரருங்கம்மா. மந்திரியா இருந்தாரு, சொத்துன்னு ஒண்ணும் சேக்கல. பிள்ளைகளக் கூட்டியாந்து காட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். பள்ளிச் சுற்றுலாவுக்கு எத்தனையோ முறை இடம் தேடியிருக்கிறோம். வரும் ஆண்டு இந்த ஊரை முதலில் சேர்ப்பது என்று அங்கேயே தீர்மானித்தோம்.

மதுரையில் முன்பதிவு செய்திருந்த விடுதியில், ஆண்துணை இல்லாமல் இரண்டு பெண்கள் ஏன் வந்திருக்கிறீர்கள் என்று அரை மணி நேரம் விசாரித்தார்கள். பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறிடம் போனோம். அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

மாலையில் மேலமாசி வீதிக்கு நடந்தோம். 1921 செப்டம்பரில் காந்தி தங்கியிருந்த வீடு அங்கே இருக்கிறது. கீழே கதர் விற்பனை நிலையம் நடக்கிறது. உழைக்கும் மக்களின் ஆடை அரை வேட்டியாக இருக்கும்போது தனக்கும் அதுவே போதும் என்று, செப்டம்பர் 22 அன்று அவர் சட்டையையும் தொப்பியையும் துறந்தது இந்த வீட்டில்தான். உலகம் முழுவதும் அறிந்த அந்தத் தோற்றம் மதுரையின் ஒரு மாடி அறையில் தொடங்கியது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் மெய்சிலிர்க்கிறது. கடையிலிருந்த ஊழியர் ஒருவர், "மேல போய்ப் பாக்கணுமாம்மா?" என்று தாமாகவே கேட்டு வழிகாட்டினார். நாங்கள் இறங்கி வரும் வரை படிக்கட்டின் கீழேயே பொறுமையாக நின்றிருந்தார். தோழி இரண்டு கதர்த் துண்டுகள் வாங்கிக்கொண்டாள்.

கோயிலுக்குள் நுழையும் முன் பூ வாங்கினோம். மதுரை மல்லியின் மொட்டு தடித்தது. மாலையில் வாங்கினால் இரவு நெடுநேரம் கழித்தே முழுதாக விரியும். "அம்மனுக்கா, தலைக்கா?" என்று பூக்கார அம்மா கேட்டார். "எங்க அப்பத்தாவுக்கு" என்றாள் தோழி. அவர் நிமிர்ந்து பார்த்தார். முழங்கையை மடக்கி இரண்டு முழம் அளந்தவர், விரல் நுனியோடு அறுத்துவிடாமல், இன்னும் ஒரு சாண் விட்டு நாரை அறுத்தார். அந்தச் சாணுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

செருப்பையும் கைப்பேசியையும் ஒப்படைத்துவிட்டு, கிழக்குப் பக்கம் அஷ்டசக்தி மண்டபத்தின் வழியாக உள்ளே போனோம். தெருவின் கருங்கல் பகலெல்லாம் வெயிலை வாங்கி, அந்த நேரத்திலும் வெதுவெதுப்பாக இருந்தது. மண்டபத்தின் நிழலுக்குள் சில அடி நடந்ததும் உள்ளங்கால் சட்டென்று குளிர்ந்தது. தோழி அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் வியர்த்திருந்தது. சந்நிதியில் கூட்டம் மிகுதி என்பதால் அம்மனை ஒரு நிமிடமே பார்க்க முடிந்தது. அர்ச்சனைக்குக் கொடுத்த பூவில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். பொற்றாமரைக் குளத்தின் படியில் வெகுநேரம் அமர்ந்திருந்தோம். அங்கிருந்து தெற்குக் கோபுரம் தெரிகிறது. நாங்கள் அதை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருமலை நாயக்கர் மகாலை விரைவாகச் சுற்றிவிட்டு, நேரத்தையெல்லாம் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கே கொடுத்தோம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்து வைத்தது அது. சுட்டுக் கொல்லப்பட்ட அன்று காந்தி அணிந்திருந்த ஆடை அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. கறை இப்போது பழுப்பேறிவிட்டது. எல்லோருக்கும் திறக்காத கோயிலுக்குள் தாமும் போவதில்லை என்பதில் உறுதியாக இருந்தவர், 1934-இல் மதுரைக்கு வந்தபோது மீனாட்சி கோயிலுக்குள் போகவில்லை. கதவு திறந்த பிறகு 1946-இல் வந்து வழிபட்டார். அதை நான் சொன்னபோது தோழி, "அப்போ எங்க அப்பத்தா அவருக்கு முன்னாடியே போயிட்டாங்க" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் மேலூரில் பிரதான சாலையை விட்டு விலகி, அவளுடைய பெரியப்பா வீட்டுக்குப் போனோம். ஓட்டு வீட்டின் முன்னறையில் அப்பத்தாவின் படம் மாட்டியிருந்தது. இரவு முழுவதும் வாழையிலையில் பொதிந்து, ஈரத் துணி சுற்றி வைத்திருந்த பூவைத் தோழி கைப்பையிலிருந்து எடுத்தாள். ஓரங்கள் சற்றே சிவந்திருந்தன, மணம் குறையவில்லை. எழுபது வயதைக் கடந்த பெரியப்பா நாற்காலியைப் போட்டு அவள் ஏறப் பிடித்துக்கொண்டார். அவள் பூவைப் படத்தில் சுற்றிவிட்டு இறங்கும் வரை ஒன்றும் பேசாமல் இருந்தவர், பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வாசல்ல யாரும் ஒண்ணும் கேக்கலையே?"

"கேக்கலைப் பெரியப்பா" என்றாள் அவள். அவர் தலையாட்டிவிட்டு, எங்களுக்கு மோர் கொண்டுவர அடுக்களைக்குள் போனார்.