என்டிபிடியில் இருந்த -எக்ஸை அப்படியே குரோனிடிக்குக் கொண்டு போகலாமா?

நொடிமுள்:
இரண்டு நோடு ஆரக்கிள் ஆர்ஏசி, அதாவது இரண்டு சர்வரில் ஒரே டேட்டாபேஸ் ஓடும் கிளஸ்டர். ரெட்ஹாட் 7-இல், கடிகாரத்தை நேர சர்வரோடு ஒத்துவைக்கும் என்டிபிடி ஓடுகிறது, ஆப்ஷன்ஸ் வரியில் "-ஜி -எக்ஸ்". ரெட்ஹாட் 8-இல் என்டிபி பேக்கேஜே கிடையாது, அதே வேலைக்குக் குரோனி மட்டும்தான் (அதன் டீமன், அதாவது பின்னணியில் ஓடும் நிரல், குரோனிடி). அதே எழுத்துகளைக் குரோனிடியின் ஆப்ஷன்ஸ் வரியில் ஒட்டினால் போதுமா? -எக்ஸ் இல்லாமல் டேட்டாபேஸ் சர்வரே வைக்கக் கூடாது என்கிறார்கள் சிலர். அது பழங்காலத்துப் பழக்கம் என்கிறார்கள் வேறு சிலர்.

வேர்ப்பயனர்:
ஒட்டவே ஒட்டாதீர்கள். எழுத்து ஒன்றுதான், வேலை வேறு.

என்டிபிடி வழக்கமாக 128 மில்லிவிநாடிக்கு மேல் பிழை நீடித்தால் கடிகாரத்தை ஒரே தாவலில் மாற்றிவிடும். -எக்ஸ் போட்டால் அந்த வரம்பு 600 விநாடியாக உயரும். அதற்குள் இருக்கும் பிழையை மெல்ல நகர்த்தித்தான் சரிசெய்யும்.

குரோனிடியில் -எக்ஸ் என்றால் கணினிக் கடிகாரத்தைத் தொடாதே என்று பொருள். சர்வர்களிடம் நேரம் கேட்கும், பிழையைக் கணக்கிடும், பிறருக்கு நேரம் சொல்லவும் செய்யும், ஆனால் திருத்தாது. கடிகாரத்தை மாற்றும் அனுமதி இல்லாத கண்டெய்னருக்குள் ஓட்டுவதற்காக வைத்தது அது. சேவை நன்றாக ஓடுவதாகவே காட்டும். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிசகும் கிரிஸ்டல் என்றால் நாளொன்றுக்கு 1.7 விநாடி விலகிக்கொண்டே போகும்.

-எஸ் கூட இப்படித்தான். என்டிபிடியில் அது புள்ளிவிவரக் கோப்புகளை வைக்கும் டைரக்டரி. குரோனிடியில் தொடக்க நேரத்தை ஆர்டிசியிலிருந்து (மெஷின் அணைந்தாலும் ஓடும் போர்டு கடிகாரம்) எடுக்கச் சொல்வது. ஆர்டிசி இல்லாத போர்டில், கடிகாரம் விலகும் வேகத்தைக் குறித்து வைக்கும் டிரிஃப்ட் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை எடுக்கும்.

மெல்லநகர்:
எழுத்து விஷயம் சரி. அதற்காக -எக்ஸின் நோக்கத்தைப் பழக்கம் என்று ஒதுக்குவது தவறு. கடிகாரம் பின்னோக்கித் தாவினால் பின்னால் நடந்தது முன்னால் நடந்ததாகப் பதிவாகும். டவ்காட் என்ற மெயில் சர்வரின் பழைய பதிப்பு, நேரம் பின்னால் போனதைக் கண்டால் தானே நின்றுவிடும். ஆர்ஏசி நிறுவும்போது ஓடும் சரிபார்ப்பு, என்டிபிடியில் -எக்ஸ் இருக்கிறதா என்று காரணமில்லாமல் பார்ப்பதில்லை. தாவலே வேண்டாம் என்பதுதான் என் நிலை.

வேர்ப்பயனர்:
தாவலே வேண்டாம் என்றால் -எக்ஸ் உங்களுக்குப் போதாது. 600 விநாடியைத் தாண்டினால் -எக்ஸோடும் தாவும். முழுக்கத் தடுக்க கான்ஃபிக் கோப்பில் "டிங்கர் ஸ்டெப் 0" வேண்டும்.

அதன் விலையையும் கணக்குப் பாருங்கள். மெல்ல நகர்த்தும் வேகத்தின் உச்சம் 500 பிபிஎம், அதாவது விநாடிக்கு அரை மில்லிவிநாடி. 1 விநாடிப் பிழை தீர 2000 விநாடி ஆகும். 5 விநாடி என்றால் 2 மணி 47 நிமிடம். 600 விநாடி என்றால் ஏறத்தாழ 14 நாள். கெர்பரோஸ் என்ற லாகின் முறை வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும், ஆக முதல் 7 நாள் அந்த மெஷினில் லாகினே நடக்காது. அத்தனை நாளும் அந்த நோடு தப்பான நேரத்தையே பதிவு செய்துகொண்டிருக்கும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. -எக்ஸ் போட்டால் கெர்னல் வழித் திருத்தம் அணைந்துவிடும். 11 நிமிடத்துக்கு ஒருமுறை ஆர்டிசியில் நேரம் எழுதும் ஏற்பாடும் அதோடு போய்விடும். டைம்டேட்சிடிஎல் கட்டளை "சிங்க் ஆகவில்லை" என்று காட்டுவதும் இதனால்தான். ஆறு மாதம் ரீபூட் ஆகாத சர்வரில் ஆர்டிசி தன் போக்கில் விலகி நிற்கும். அடுத்த பூட்டில் பெரிய பிழையோடு எழும். அதைத் திருத்த -எக்ஸ் நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும். நோய்க்குக் காரணமும் அதுவே, குணமாகாமல் இழுத்தடிப்பதும் அதுவே.

மெல்லநகர்:
ஆர்டிசி பற்றிச் சொன்னது உண்மை. ஆர்டிசியில் எழுதும் ஹெச்டபிள்யூகிளாக் கட்டளையை ஷட்டவுனிலும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானிலும் ஓட்டி எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் பூட்டில் வரும் பெரிய பிழைக்கு -எக்ஸை யாரும் மருந்தாகச் சொல்லவில்லை. முதலில் "-ஜி -க்யூ" போட்டு என்டிபிடியை ஒருமுறை ஓட்டுங்கள். எவ்வளவு பிழையானாலும் திருத்திவிட்டு வெளியேறும். டேட்டாபேஸ் அப்போது எழுந்தே இருக்காது, தாவினாலும் பாதகமில்லை. அதன்பின் -எக்ஸோடு டீமன், அதன்பின் டேட்டாபேஸ். வரிசையைக் கடைப்பிடித்தால் நீங்கள் சொன்ன 14 நாள் கணக்கு வரவே வராது.

பேனிக்1000:
நடுவில் -ஜி பற்றி ஒன்று. அதை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு டீமனுக்கே கொடுக்கிறார்கள். பிழை 1000 விநாடியைத் தாண்டினால் என்டிபிடி லாகில் எழுதிவிட்டு நின்றுவிடும். -ஜி அந்தத் தடையை ஒரே ஒருமுறை தளர்த்தும். நம் பக்கத்தில் அதன் தேவை எளிதில் வரும். ஆர்டிசியில் ஐஎஸ்டி வைத்துவிட்டு லினக்ஸ் அதை யுடிசி என்று படித்தால் பிழை 19,800 விநாடி. -ஜி இல்லாவிட்டால் டீமன் எழுந்த சில நிமிடத்தில் செத்துவிடும்.

ஆனால் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பில் "ரீஸ்டார்ட் ஆல்வேஸ்" போட்டு, டீமனுக்கு -ஜியும் கொடுத்தால் 1000 விநாடிக் காவலே இல்லாமல் போகிறது. தப்பான நேரம் வருகிறது, டீமன் நிற்கிறது, சிஸ்டம்டி எழுப்புகிறது, புதிதாக எழுந்ததால் -ஜி மறுபடி செல்லுபடி, தப்பான நேரத்தை ஏற்றுக்கொள்கிறது. ஒருமுறைக்கு மேல் தாவவிட்ட குறை ஒன்று என்டிபிடியிலேயே இருந்தது. சிவிஇ 2015-5300 என்ற பாதுகாப்புக் குறை எண்ணில் பதிவாகி 4.2.8 பி5-இல் திருத்தினார்கள். மென்பொருளில் அடைத்த ஓட்டையை யூனிட் கோப்பில் நாமே திறந்து வைப்பது நியாயமா?

மெல்லநகர்:
இதை ஏற்க முடியாது. ஆளில்லாத இடத்தில் இருக்கும் மெஷினில் டீமன் செத்துக் கிடப்பது அதைவிட மோசம். தானாக எழுந்தே ஆக வேண்டும்.

பேனிக்1000:
எழட்டும், -ஜி இல்லாமல் எழட்டும். நீங்களே சொன்ன "-ஜி -க்யூ" ஒருமுறை ஓடும் தனி யூனிட்டில் இருக்கட்டும். டீமனின் வரியில் -ஜி வேண்டாம். மறுபடி மறுபடி நின்றால் அது மானிட்டரிங்கில் தெரிய வேண்டிய செய்தி.

நொடிமுள்:
புரிகிறது. இதையே குரோனிடியில் எப்படி எழுதுவது?

வேர்ப்பயனர்:
குரோனி இயல்பிலேயே மெல்ல நகர்த்தும், அதற்குத் தனி எழுத்து தேவையில்லை. கான்ஃபிக் கோப்பில் "மேக்-ஸ்டெப் 1.0 3" என்ற வரி இருந்தால் மட்டும் முதல் 3 திருத்தங்களில், 1 விநாடிக்கு மேல் பிழை என்றால் தாவும். வேகமும் அதிகம்: மாற்றாமல் விட்டால் உச்சம் 83,333 பிபிஎம். 1 விநாடிப் பிழை 12 விநாடியில் தீரும், 600 விநாடி 2 மணி நேரத்தில். ஆர்டிசிக்கு "ஆர்டிசி-சிங்க்" வரி. 1000 விநாடிக் காவலுக்கு ஈடு "மேக்ஸ்-சேஞ்ச் 1000 1 2": முதல் திருத்தத்துக்குப் பிறகு பெரிய பிழை வந்தால் இருமுறை ஒதுக்கும், மூன்றாவதில் வெளியேறும்.

மெல்லநகர்:
83,333 பிபிஎம் என்றால் கடிகாரம் 8 சதவீதத்துக்கு மேல் வேகம் மாறி ஓடுகிறது என்று அர்த்தம். பின்னோக்கிப் போகாத மோனோடானிக் கடிகாரமும் அதே வேகத்தில் இழுபடும், டைம்அவுட் எல்லாம் பிசகும். கிளஸ்டரில் அந்த உச்சத்தை "மேக்ஸ்-ஸ்லூ-ரேட்" வரியில் 500 அல்லது 1000 என்று இறக்குங்கள். பூட்டிலேயே நேரம் சரியாகிவிட்டால் அந்த வேகம் தாராளம்.

அதைவிட முக்கியம், டேட்டாபேஸ் ஓடும்போது யாராவது குரோனிடியை ரீஸ்டார்ட் செய்தால் மேக்-ஸ்டெப்பின் 3 என்ற எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். -ஜியின் அதே ஓட்டை.

வேர்ப்பயனர்:
அந்த ஆட்சேபம் சரியானது, மேக்ஸ்-ஸ்லூ-ரேட்டையும் ஏற்கிறேன். ரீஸ்டார்ட் சிக்கலுக்குத்தான் குரோனிடியில் -ஆர் ஆப்ஷன் (பெரிய ஆர்) இருக்கிறது. அது இருந்தால் மேக்-ஸ்டெப்பின் எண்ணிக்கை வைத்த வரி கணக்கில் வராது. ஆனால் ஆப்ஷன்ஸ் வரியில் நிரந்தரமாக வைத்தால் பூட்டிலும் தாவாது. ஆகவே இப்படிப் பிரியுங்கள்: குரோனிடி யூனிட்டுக்கு முன்னால் ஒருமுறை ஓடும் யூனிட்டில் "குரோனிடி -க்யூ -டி 30". க்யூவும் டியும் இங்கே சின்ன எழுத்து, டி என்பது டைம்அவுட்டின் டி; 30 விநாடிக்குள் நேரம் கிடைக்காவிட்டால் பிழைக்குறியோடு வெளியேறும். டீமனுக்குப் பெரிய ஆர். நேரம் சரியாகும்வரை காத்திருக்கும் குரோனி-வெயிட் சேவையை எனேபிள் செய்து, டேட்டாபேஸ் யூனிட்டை, நேரம் சரியான கட்டத்தைக் குறிக்கும் டைம்-சிங்க் டார்கெட்டுக்குப் பின் வையுங்கள்.

மாற்றும் முன் "குரோனிடி -க்யூ" என்பதில் பெரிய க்யூ போட்டுப் பாருங்கள், பிழையை மட்டும் அச்சிடும், கடிகாரத்தைத் தொடாது. சின்ன க்யூ போட்டுவிட்டால் ஓடும் டேட்டாபேஸின் அடியிலேயே கடிகாரம் தாவிவிடும், ஷிஃப்ட் விசையைக் கவனியுங்கள்.

நொடிமுள்:
பெரிய க்யூ 0.004 விநாடி காட்டுகிறது. ஆப்ஷன்ஸ் வரியிலிருந்து -எக்ஸை எடுத்துவிட்டேன். இரண்டாவது நோடில் யூனிட் வரிசையைச் சோதித்துவிட்டு முதல் நோடை மாற்றுகிறேன்.