திருப்புடைமருதூர் போனால் கோபுரத்துக்குள் ஏறாமல் வராதீர்கள்

குற்றாலம், பாபநாசம், காரையாறு எல்லாம் எல்லோரும் போய்வந்த இடங்கள். நான் திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூரைச் சொல்கிறேன். அம்பாசமுத்திரம் போகிற பஸ்ஸிலோ செங்கோட்டை ரயிலிலோ நம்மில் பலர் வீரவநல்லூரைத் தாண்டியிருப்போம், ஆனால் அங்கே இறங்கி ஆற்றுப் பக்கம் திரும்பியவர்கள் ரொம்பக் குறைவு. ஊருக்குள் பஸ் எப்போதாவதுதான். நான் ஆட்டோ பிடித்தேன். "கோயிலுக்கா அண்ணாச்சி? நான் நிக்கேன், திரும்பி வர வண்டி கெடைக்காது பாத்துக்கிடுங்க" என்றார் ஓட்டுநர். அவர் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

நாறும்பூநாதர் கோயில் பெரிய கோயில். கருவறையில் லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம் போனபோது கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்று கூப்பிட, அந்தக் குரலைக் கேட்கச் சாமி சாய்ந்தார் என்று கதை. சரி, நான் சொல்ல வந்தது ராஜகோபுரத்தைப் பற்றி. வெளியே பார்த்தால் நம்மூர்ப் பக்கத்துக் கோபுரம் மாதிரிதான், ஐந்து நிலை. கோயிலில் கேட்டு, அனுமதி வாங்கி, சாவி வைத்திருப்பவர் வரும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். வந்தவர் முதலில் கேட்டது, "டார்ச்சு கொண்டாந்திருக்கியளா? உள்ள கும்மிருட்டுல்லா."

உள்ளே வௌவால் வாடை, குறுகலான படி, ஏற ஏற வியர்த்துக் கொட்டுகிறது. டார்ச்சைச் சுவரில் அடித்ததும் பேச்சே வரவில்லை. விஜயநகர, நாயக்கர் காலத்து ஓவியங்கள், நிலைக்கு நிலை சுவர் முழுக்க. ராமாயணம், சிவபுராணக் கதைகள், யானைகளும் குதிரைகளும் மோதும் பெரிய போர், அப்புறம் ஒரு கப்பல். அதில் குதிரைகள், கூடவே அரபு வணிகர்கள். அந்தக் காலத்துப் படைகளுக்கு நல்ல குதிரை கடல் வழியாகத்தான் வந்தது என்று படித்திருப்போம். அதைத் தாமிரபரணிக் கரையில், கடலே தெரியாத ஒரு ஊரில், கோபுரத்துக்குள் ஒருவர் வரைந்து வைத்திருக்கிறார்! அந்தக் கப்பல் முன்னாலிருந்து நகர மனமில்லாமல் நின்றேன்.

ஓவியம் மட்டுமில்லை, உள்ளே தாங்கி நிற்கும் தூண், உத்தரம் எல்லாம் மரம், அதில் இடம் விடாமல் சிற்பம். வெயிலும் மழையும் நேரே படாததால் இத்தனை நூற்றாண்டு நின்றிருக்கின்றன. அவற்றுக்கு இப்போது பயம் நம்மால்தான். சுவரைத் தடவாதீர்கள், சாய்ந்து நிற்காதீர்கள், பேரைக் கீற நினைப்பவரைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். கை பட்டுப் பட்டு நிறம் போனால் திரும்ப வராது. படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

கோபுரத்தை விட்டு இறங்கியதும் ஆற்றுக்குப் போங்கள். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடம் அது. கரையோரப் பெரிய மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன. 2005-இல் இந்த இடத்தைப் பறவைகளுக்காக 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்ற வகைக் காப்பகமாக அறிவித்தார்கள், வெறும் 2.84 ஹெக்டேர்தான், ஆனால் அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. ஊர்க்காரர்கள் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடந்திருக்காது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என்னைப் பார்த்து, "மரத்துக்கு நேர கீழ நிக்காதிய, எச்சம் விழும். கல்லு கில்லு எறிஞ்சா எங்க ஊருப் பிள்ளைகளே ஏசிப்போடும்" என்றார். அவ்வளவு உரிமையோடு சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கோபுரம் பார்க்கக் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். தைப்பூசத்தன்று நல்ல கூட்டம் இருக்கும், ஓவியம் பார்க்க அந்த நாள் வேண்டாம். பறவைக்காக என்றால் தை பிறந்த பிறகு நல்லது. பெரியவர்களைக் கூட்டிப் போனால் அவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு மண்டபத்தில் இருக்கட்டும், அந்தப் படி முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. சாப்பாட்டை வீரவநல்லூரிலோ அம்பாசமுத்திரத்திலோ முடித்துக்கொள்ளுங்கள்.