ஜனவரியில போன ஐரோப்பா பயணத்தோட மைல் இன்னும் ஏறலை, பேர் பொருந்தலைன்னு வருது. வழி சொல்லுங்க

கரூர்த்தறி:

வணக்கம்ங்க. கரூர்ல வீட்டுத் துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒண்ணுல மெர்ச்சண்டைசரா இருக்கறேன். கிச்சன் டவல், ஏப்ரன், மேசை விரிப்பு, இதுதான் எங்க சரக்கு. வருசா வருசம் ஜனவரியில ஃபிராங்க்பர்ட்ல நடக்கற ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போறது வழக்கம். இந்த வருசமும் போயிட்டு வந்தேன். கோயமுத்தூர்ல இருந்து பெங்களூரு வரைக்கும் இண்டிகோ. அங்கிருந்து ஃபிராங்க்பர்ட்டுக்குப் போகவர ஸ்டார் அலையன்ஸ்ங்கற விமானக் கம்பெனிக் கூட்டணியில இருக்கற ஒரு ஐரோப்பிய விமானம். டிக்கெட் போட்டது கம்பெனிக்கு வழக்கமாப் போடற ஏஜென்ட்.

எங்கிட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட கிரிஸ்ஃபிளையர் கணக்கு இருக்குது, பறக்கறதுக்கு மைல்னு புள்ளி சேர்த்து டிக்கெட் எடுக்கற திட்டம். முன்னால குவாங்சோ கண்காட்சிக்கு சிங்கப்பூர் வழியாப் போனப்ப ஆரம்பிச்சது, 31,400 மைல் கெடக்குது. ஒரே கூட்டணிதானேன்னு இந்தப் பயணத்தையும் அதுலயே ஏத்த நெனச்சேன். ஏறலை. நானா ரெண்டு தாட்டி க்ளைம் போட்டேன், பேர் பொருந்தலைன்னு திரும்பி வந்துருச்சு. அஞ்சு மாசம் முடியப் போகுது.

பேரை மாத்திச் சொல்றேன். எம் பேர் சுமதி, அப்பா பேர் பழனிசாமின்னு வைங்க. பாஸ்போர்ட்ல முதல் பேர் இருக்கற இடத்துல 'சுமதி பழனிசாமி'ன்னு இருக்குது, குடும்பப் பேர் காலி. மைல் கணக்குல 'சுமதி பி'. டிக்கெட்ல ஏஜென்ட் என்ன போட்டாருன்னு இப்பத்தான் பார்க்கறேன், பழனிசாமி முன்னாலயும் சுமதி பின்னாலயும் இருக்குது.

இன்னொண்ணு. என்ற தங்கச்சி சிங்கப்பூர்ல இருக்கறா, ஐப்பசியில பிரசவம். அம்மாவைத் தாட்டி உடோணும். இருக்கற மைல்ல 12,000 ஆகஸ்ட் கடைசியில காலாவதி ஆகுதுன்னு காட்டுது. அக்டோபர் பயணத்துக்கு அது ஒதவுமா? அம்மா பேர்ல போட முடியுமா? ஒண்ணும் புரியலைங்க.

பீளமேட்டுக்காரன்:

அக்கா, மொதல்ல தேதியைப் பாருங்க. கிரிஸ்ஃபிளையர்ல உட்டுப்போன மைலைக் கேக்கறதுக்கு விமானம் ஏறின நாள்ல இருந்து 6 மாசம்தான். ஜனவரி 10ல போயிருந்தா ஜூலை 10க்குள்ள. போன நாளுக்கும் திரும்பின நாளுக்கும் தனித்தனியாக் கணக்கு. அதனால அம்மா டிக்கெட்டை அப்புறம் பாத்துக்கலாம், இந்த வாரம் பேரைச் சரி பண்ணுங்க.

இனிசியல் நம்மூருக்கே உள்ள தலைவலி. நாம 'ப. சுமதி'ன்னு எழுதி வளர்ந்தவங்க. குடும்பப் பேருன்னு ஒரு கட்டத்தைக் காட்டி நிரப்பச் சொன்னா ஒருத்தர் அப்பா பேரைப் போடறார், ஒருத்தர் வெறும் எழுத்தைப் போடறார், இன்னொருத்தர் தன் பேரையே ரெண்டு தாட்டி அடிக்கறார். மைலை ஏத்தறது மனுசன் இல்லீங்க, கம்ப்யூட்டரு. டிக்கெட்ல இருக்கற பேரும் கணக்குல இருக்கற பேரும் ஒண்ணா இருந்தாத்தான் அதுக்குத் தெரியும். 'பி'ங்கறதும் 'பழனிசாமி'ங்கறதும் ஒரே ஆளோட அப்பான்னு அதுக்கு யாரு சொல்றது?

மூணாவது தாட்டி அப்படியே க்ளைம் போடாதீங்க, மறுபடியும் திரும்பித்தான் வரும். மொதல்ல பாஸ்போர்ட் நகலை வெச்சு உறுப்பினர் சேவைக்கு எழுதி, கணக்குப் பேரைப் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி மாத்துங்க. குடும்பப் பேர் காலியா இருக்குதுங்கறதையும் தெளிவாச் சொல்லுங்க, அதுக்கு எந்தக் கட்டத்துல என்ன போடறதுன்னு அவங்களே ஒரு முறை வெச்சிருப்பாங்க. மாத்தினதும் க்ளைம் போடுங்க. டிக்கெட்ல பேர் முன்னபின்ன இருக்கறதை அதே கடிதத்துல விளக்கி, போர்டிங் பாஸையும் இ-டிக்கெட்டையும் சேர்த்து அனுப்புங்க.

பி.என்.ஆர் ஆறெழுத்து பத்தாது, 13 இலக்க டிக்கெட் நம்பர் வேணும். மொதல் மூணு இலக்கம் எந்தக் கம்பெனி அச்சடிச்ச டிக்கெட்டுன்னு சொல்லும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்னா 618, ஏர் இந்தியான்னா 098, எமிரேட்ஸ்னா 176. ஏஜென்ட் அனுப்பின பி.டி.எஃப்ல மேலயோ அடியிலயோ இருக்கும்.

முடிஞ்சா பாஸ்போர்ட் புதுப்பிக்கறப்பவே குடும்பப் பேர் கட்டத்துல அப்பா பேரைப் பிரிச்சுப் போட்டுருங்க. 2022 நவம்பர்ல, சுற்றுலா விசாவுல வர்றவங்க பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர் மட்டும் இருந்தா உள்ள விடமாட்டோம்னு ஐக்கிய அரபு அமீரகம் சொன்னப்ப எங்க பம்ப் கம்பெனி ஆளுங்க ரெண்டு பேர் கெளம்ப முடியாம நின்னாங்க. ரெண்டாம் பக்கத்துல அப்பா பேர் இருந்தாப் போதும்னு அப்புறம் தளர்த்தினாங்க. அன்னைக்குப் பட்ட பாட்டை நான் மறக்கலை.

நொய்யல்கரை:

திருப்பூர்ல இருந்து எழுதறேனுங்க. பேரை மாத்தறதுக்கு முன்னால டிக்கெட்ல ஒரு எழுத்தைப் பாருங்க. வகுப்புன்னு போட்டு ஒத்தை எழுத்து இருக்கும். எகானமின்னா எல்லாம் ஒண்ணு இல்லை. ஒரே வரிசையில பக்கத்துப் பக்கத்துல உக்காந்தவங்களுக்கே வேற வேற எழுத்து இருக்கும். கூட்டாளி விமானத்துல போனா, தூரத்துல எத்தனை சதவீதம் ஏறும்ங்கறதை அந்த எழுத்துதான் தீர்மானிக்குது. பெங்களூரு–ஃபிராங்க்பர்ட் ஏறக்குறைய 4,600 மைல் தூரம். எழுத்தைப் பொறுத்து முழுசும் வரும், பாதி வரும், சிலதுக்கு ஒண்ணுமே வராது.

கண்காட்சிக்கு இருபது முப்பது பேரை ஒட்டுக்காக் கூட்டிட்டுப் போற குரூப் டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் மைல் கெடையாது. எனக்கு மூணு வருசத்துக்கு முன்னால இதுதான் நடந்துச்சு. நாலு மாசம் கடிதம் எழுதி அலைஞ்சேன், கடைசியில குரூப் கட்டணம்னு ஒரே வரியில முடிஞ்சு போச்சு. டிக்கெட் போடறப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்னு இன்னைக்கும் மனசு அடிச்சுக்குது.

இன்னொரு விசயம், சொல்லச் சங்கடமாத்தான் இருக்குது. டிக்கெட்ல வேற யாரோட உறுப்பினர் எண்ணாவது ஏறியிருக்குதான்னு பாருங்க. அதே விமானக் கம்பெனியில உங்களுக்கே மறந்துபோன பழைய கணக்கு ஏதாச்சும் இருக்கலாம். ஒரு பயணத்துக்கு ஒரு திட்டத்துலதான் மைல். ஒண்ணுல ஏறிட்டா இன்னொண்ணுக்கு மாத்த மாட்டாங்க. கோயமுத்தூர்–பெங்களூரு இண்டிகோவை மறந்துருங்க. இண்டிகோ ஸ்டார் அலையன்ஸ்ல இல்லை, அவங்களுக்கு புளூசிப்னு தனித் திட்டம்.

கரூர்த்தறி:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. பார்த்துட்டேன். குரூப் டிக்கெட் இல்லை, ஆனா போறதுக்கு ஒரு எழுத்தும் வர்றதுக்கு வேற எழுத்தும் இருக்குது. உறுப்பினர் எண் எடம் காலி. பேரை மாத்தக் கேட்டு இன்னைக்கே எழுதிட்டேன்.

போர்டிங் பாஸ் லேப்டாப் பைக்குள்ள துணி சாம்பிள் நடுவுல இருந்துச்சு. போறப்ப குடுத்தது நல்லா இருக்குது. வர்றப்ப குடுத்தது சூட்டுல அச்சாகற காயிதம், எழுத்தே வெளுத்துப் போச்சு. ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா சீட் நம்பர் மட்டும் தெரியுது. ஒதவுமா?

பீளமேட்டுக்காரன்:

தெரியற வரைக்கும் படம் எடுத்து அனுப்புங்க, கூடவே அந்த விமானக் கம்பெனிகிட்ட பயணம் பண்ணதுக்கு ஒரு சான்று கேளுங்க. டிக்கெட் நம்பர் குடுத்தா எழுதிக் குடுக்கற கம்பெனி உண்டு. இனிமே வாசல்லயே போன்ல படம் எடுத்துருங்க அக்கா, மைல் கணக்குல ஏறினதுக்கு அப்புறம்தான் காயிதத்தை வீசோணும்.

இப்ப அம்மா டிக்கெட். காலாவதி தேதிங்கறது டிக்கெட் எடுக்கற நாளுக்குத்தான், பறக்கற நாளுக்கு இல்லை. ஆகஸ்ட் முடியறதுக்குள்ள அக்டோபர் பயணத்தைப் போட்டுட்டா அந்த 12,000 பத்திரம். கழிக்கறப்பவும் பழைய மைலைத்தான் மொதல்ல கழிப்பாங்க. ரெண்டு எடத்துல கவனமா இருக்கோணும். வெயிட்லிஸ்ட்ல நிக்கற வரைக்கும் மைல் கழியாது, அதனால காலாவதியும் நிக்காது. எடுத்த டிக்கெட்டைக் காலாவதி தேதிக்கு அப்புறம் ரத்து பண்ணினா, செத்த மைல் திரும்ப வராது.

சீட்டே கெடைக்கலைன்னா, 10,000 மைலுக்கு 1,200 மைலோ 12 அமெரிக்க டாலரோ கட்டி 6 மாசம் நீட்டிக்கலாம். கடைசி வழி அது.

அம்மா பேர்ல தாராளமாப் போடலாம், நீங்க கூடப் போகோணும்னு இல்லை. கணக்குல 5 பேர் வரைக்கும் நாமினியா, அதாவது நம்ம மைல்ல டிக்கெட் எடுத்துக் குடுக்கற ஆளாச் சேர்க்கலாம். அவங்க பாஸ்போர்ட்டைக் கையில வெச்சுட்டு எழுத்து எழுத்தாப் பார்த்து அடிங்க. உங்களுக்கு நடந்தது அவங்களுக்கும் நடக்க வேண்டாம்.

சென்னிமலையக்கா:

அம்மிணி, மகப்பேறு பார்க்கப் போற அம்மான்னு படிச்சதும் எழுதோணும்னு தோணுச்சு. நானும் போன வருசம் மக பிரசவத்துக்கு அங்கதான் போயிட்டு வந்தேன். உங்கூர்ல இருந்து திருச்சி கிட்டத்துலயே இருக்குது, அங்கிருந்தும் கோயமுத்தூர்ல இருந்தும் ஸ்கூட்ங்கற மலிவு விமானம் நேரா சிங்கப்பூர் போகுது. தனியாப் போற பொம்பளைக்கு எறங்கி மாறாம இருக்கறது பெரிய நிம்மதி கண்ணு. ஆனா அதுல லக்கேஜுக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனியாக் காசு. பிரசவ மருந்துப் பொடி, கருப்பட்டி, பூண்டு, பழைய பருத்திச் சேலை கிழிச்ச துணி, அதுவே எனக்கு ஒரு பெட்டி நெறஞ்சு போச்சு. எடையையும் சேர்த்துக் கணக்குப் போடு.

பீளமேட்டுக்காரன்:

அக்கா சொல்றது ரொம்பச் சரி. ஸ்கூட்டும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குடும்பம்தான், அங்கயும் மைலைச் செலவு பண்ண வழி இருக்குது. ஆனா மதிப்பு கம்மி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் நம்ம பக்கத்துல சென்னை, பெங்களூரு, கொச்சியில இருந்து கெளம்புது. அதுல பெட்டி எடையும் சாப்பாடும் டிக்கெட்டோடயே வந்துரும்.

எதுல போட்டா லாபம்னு நான் ஒரு கணக்கு வெச்சிருக்கறேன். காசு குடுத்தா என்ன விலையோ, அதுல மைல் டிக்கெட்டுக்கும் கட்டவேண்டிய வரியைக் கழிச்சுட்டு, கேக்கற மைலால வகுத்துப் பாருங்க. ஒரு பேச்சுக்கு 24,000 ரூவா டிக்கெட்டு, வரி 4,000, கேக்கறது 20,000 மைல்னா, ஒரு மைலுக்கு ஒரு ரூவா. அதுக்குக் கீழ வந்தா நான் காசு குடுத்துருவேன். ஒரே விமானத்துக்கே சேவர், அட்வான்டேஜ்னு வேற வேற மைல் விலை காட்டும். சேவர்தான் மலிவு, சீக்கிரம் தீந்துரும். மைல்ல டிக்கெட் எடுத்தா இலவசம்னு மட்டும் யாரும் நெனச்சுக்காதீங்க. வரி எப்பவும் உண்டு. சில கூட்டாளி விமானத்துல எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்துருவாங்க.

நொய்யல்கரை:

ஓட்டல் பத்தி யாரும் பேசலை, கண்காட்சிக்குப் போறவங்களுக்கு அதுலதான் காசு கரையுது. ஹைம்டெக்ஸ்டில் வாரத்துல ஃபிராங்க்பர்ட்ல ரூம் வெலை எங்கயோ போயிரும். நாங்க பக்கத்து ஊரு ஒஃபன்பாஹ்ல அப்பார்ட்மென்ட் எடுத்து ரசமும் சோறும் பொங்கித் தின்னுட்டு எஸ்-பான் ரயில்ல கண்காட்சி வளாகத்து மெஸ்ஸே ஸ்டேஷன் போயிருவோம்.

மாரியட் ஓட்டல்காரங்களோட பான்வாய் திட்டத்துல புள்ளி குடுத்து 5 ராத்திரி சேர்ந்தாப்புல தங்கினா, அதுல கம்மிப் புள்ளி கேக்கற ஒரு ராத்திரிக்குப் புள்ளி கேக்க மாட்டாங்க. கண்காட்சி நாளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்குது. அக்கார் ஓட்டல் திட்டத்துல 2,000 புள்ளின்னா 40 யூரோ, எந்த நாள்லயும் அதேதான். ரூமை நேரா அந்த ஓட்டலோட தளத்துலயோ ஆப்லயோ போட்டாத்தான் புள்ளி. மூணாம் ஆள் தளத்துல இருநூறு ரூவா மிச்சம்னு போட்டா புள்ளியும் இல்லை, உறுப்பினர் தரம் உயரறதுக்கு எண்ணற ராத்திரிக் கணக்கும் இல்லை.

நம்மூர்ல பலரும் ஏமாந்து போற எடம் ஒண்ணு. ஜெர்மன்ல இருந்து சரக்கு வாங்க வர்ற பையருக்குக் கோயமுத்தூர்ல ரூம் போட்டு, பில்லை நாம கட்டறோம். புள்ளி நமக்கு வரும்னு நெனைக்கறோம். வராதுங்க. மாரியட்ல உறுப்பினர் ஒரு ரூம்ல தானும் தங்கியிருந்தாத்தான் மூணு ரூம் வரைக்கும் அவர் கணக்குல ஏறும்.

கரூர்த்தறி:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்குங்க. ஷிப்மெண்ட் நேரம்.

கணக்குல பேர் மாறிருச்சு. மாத்தின மறுநாளே க்ளைம் போட்டேன். போறப்ப பண்ணின பயணம் ஏறிருச்சு, அந்த எழுத்துக்குப் பாதிதான், 2,300 மைல் வந்துச்சு. திரும்பி வந்ததுக்கு எழுத்து வேறங்கறதால மைல் இல்லைன்னு பதில் வந்துச்சு. அட்டவணையில நானே போய்ப் பார்த்தேன், சரிதான். வெளுத்துப்போன காயிதத்துக்காகப் பட்ட கவலையெல்லாம் அதுக்கு வேண்டியதே இல்லை. ஏஜென்ட்கிட்ட அடுத்த ஜனவரிக்கு எழுத்தைச் சொல்லித்தான் டிக்கெட் கேக்கப் போறேன். பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி பேரையும் உறுப்பினர் எண்ணையும் அட்டையில அடிச்சுக் குடுத்துட்டேன்.

அம்மாவுக்குக் கொச்சியில இருந்து சேவர்ல சீட் கெடைச்சுது, போறதுக்கு மட்டும். பீளமேட்டுத் தம்பி கணக்குப்படி போட்டுப் பார்த்தேன், ஒரு ரூவாய்க்கு மேலயே வந்துச்சு. 12,000 அதுலயே கழிஞ்சுருச்சு. திரும்பறப்ப பெட்டியில கனம் இருக்காது, அதனால திருச்சிக்கு ஸ்கூட்ல காசு குடுத்தே போட்டுட்டேன், எறங்கினா வீடு பக்கம்.

அம்மா பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர்தான். நாமினி போடறப்ப எந்தக் கட்டத்துல எதைப் போடறதுன்னு சேவை மையத்துக்குப் போன் பண்ணிக் கேட்டு, அவங்க சொன்னபடியே அடிச்சேன். டிக்கெட்லயும் அதே மாதிரி வந்திருக்குது, நாலு தாட்டி பார்த்துட்டேன். காரைக்கால்–எர்ணாகுளம் ரயில் கரூர் வழியாத்தான் போகுது. ஆலுவா வரைக்கும் தம்பி கூடப் போறான், அங்கிருந்து நெடும்பாசேரி ஏர்போர்ட் பக்கம்தான்.

சென்னிமலையக்கா, கருப்பட்டியைப் பாக்கெட் பாக்கெட்டாப் பிரிச்சு வெச்சா நல்லதா, ஒட்டுக்கா ஒரே டப்பாவுல போடறதா? அம்மா கேக்கச் சொன்னாங்க.

சென்னிமலையக்கா:

பிரிச்சே வெய்யி கண்ணு. அங்க போய் எறங்கினதும் என்னென்ன கொண்டு போறோம்னு கேட்டா எடுத்துக் காட்டச் சுளுவா இருக்கும். ஒவ்வொரு பாக்கெட் மேலயும் பேர் எழுதி ஒட்டச் சொல்லு. நல்லபடியாப் பொறக்கட்டும், கொழந்தை பொறந்ததும் சொல்லு.